அருவிக்கரையில் கறுத்துப் போன திரை

தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு, குற்றாலச் சீசன் நடக்கிற ஆனியிலும் ஆடியிலும் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். தை மாதம் நான் செத்துப் போனால் பெங்களூரிலிருந்து ஒரு குருவி வராது. ஆனியில் செத்தால் எல்லோரும் துண்டும் சோப்புமாக வருவார்கள். காரியம் முடிந்த கையோடு, "அப்படியே ஐந்தருவியில ஒரு குளி போட்டுட்டு வந்துருதோம்" என்று கிளம்பியும் விடுவார்கள்.

இப்படி வருகிறவர்களோடு அருவிக்குப் போனால் ஒருவன் மட்டும் குளிக்கக் கூடாது. அவன் தண்ணீர் படாத பக்கமாக ஒதுங்கி நின்று எல்லோருடைய செல்போன், கைக்கடிகாரம், சங்கிலி, மாற்றுத் துணி எல்லாவற்றையும் காவல் காக்க வேண்டும். குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போன யாரைக் கேட்டாலும் அந்த ஆளை அடையாளம் சொல்லிவிடுவார்கள். கழுத்தில் இரண்டு பை, கையில் நான்கு செருப்பு, முகத்தில் உலகத்தையே வெறுத்த பார்வை. எங்கள் வீட்டில் பத்து வருஷமாக அந்த உத்தியோகம் என்னிடம்தான். என் நேர்மையைப் பார்த்துக் கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் குளிர் ஆகாது, அவ்வளவுதான்.

அந்த உத்தியோகத்துக்கும் போன வருஷம் ஆபத்து வந்தது. பழைய குற்றால அருவியில் நான் ஒரு மிளகாய் பஜ்ஜியை ஊதி ஆறவைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு பைக்குள் கையை விட்டு, மச்சினனின் இயர்போன் டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ஏறியதோடு விட்டதா? டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்துப் பார்த்து, என்னைப் பார்த்துத் துப்பியது. பஜ்ஜியாவது கொடுத்திருக்கலாமே என்ற அர்த்தம் அந்தப் பார்வையில் இருந்தது. என் மனைவியின் பார்வையிலும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான்.

ஆகவே இந்த வருஷம் அவளுடைய அம்மாவும் தம்பியும் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய அன்றே எனக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது.

"இந்த வட்டமும் எதையாவது தொலைச்சியன்னா, எங்க வீட்டு ஆளுவ இனிமே ஒரு கைக்குட்டையக்கூட ஒங்கள நம்பித் தர மாட்டாவ. சொல்லிட்டேன். எனக்குத்தான் அசிங்கம்."

நாற்பத்தொன்பது வயதில், மாவட்ட அலுவலகத்தில் தபால் பிரிவைக் கட்டி மேய்க்கிற ஒருவனுக்கு, கைக்குட்டைக்கு லாயக்கில்லாதவன் என்ற பெயர் வரலாமா? வரக்கூடாது என்று முடிவு செய்தேன்.

மச்சினன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். வயது முப்பத்தெட்டு. பையிலிருந்து பருப்புப்பொடி எடுப்பான் என்று பார்த்தால், ஒரு கையடக்க விளையாட்டுப் பெட்டியை எடுத்தான். நீளவாக்கில் ஒரு திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். நான் செய்த தவறு, "இது என்னது?" என்று கேட்டது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க இடமும் கிடைக்கவில்லை.

"இதுல திரைதான் அத்தான் எல்லாம். எல்சிடின்னா பின்னால ஒரு விளக்கு எப்பவும் எரிஞ்சிக்கிட்டே இருக்கும். முன்னால உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு கதவு மாதிரி. திறந்தா வெளிச்சம், மூடுனா இருட்டு. ஆனா கதவு முழுசா மூடாது. வெளிச்சம் லேசா கசியும். அதனால எல்சிடியில கறுப்பு, கறுப்பா இருக்காது. சாம்பலாத்தான் இருக்கும்."

"சரி."

"ஓலெட்ல அப்படி இல்ல. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. கறுப்பு வேணும்னா அந்தப் புள்ளி அணைஞ்சே போயிரும். அதான் உண்மையான கறுப்பு."

உண்மையான கறுப்பாம்! காசைக் கொட்டிக் கறுப்பு வாங்குகிற தலைமுறையை அன்றுதான் நேரில் பார்த்தேன். எங்கள் தெருவில் மின்மாற்றி வெடித்தால் இலவசமாகக் கிடைக்கிற சரக்கு அது.

"ஓலெட் மிஷினை பெங்களூர்லயே வச்சிட்டு வந்துட்டேன் அத்தான். சாரல்ல பட்டா மனசு தாங்காது. இது எல்சிடிதான், ஆனா நல்ல ஐபிஎஸ் பேனல். எந்தப் பக்கமிருந்து பாத்தாலும் நிறம் மாறாது, மங்காது."

நான் நம்பவில்லை என்று நினைத்தானோ என்னவோ, செல்போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டான். அட்டைப் பெட்டியைப் பிரிக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற ஒரு மனிதர், இரண்டு மிஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "லெஃப்ட்ல பாருங்க, ரைட்ல பாருங்க, வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு திரைகளுக்கு உள்ள வித்தியாசத்தை மூன்றாவது ஒரு திரையில் பார்த்து எப்படியப்பா கண்டுபிடிப்பது? இதைக் கேட்டதற்கு மச்சினன், "அதுக்குத்தான் நல்ல போன் வேணும்ங்கிறது" என்றான். இந்த வியாபாரத்தின் மூளையை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

எனக்குத் தெரிந்த கையடக்க ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பொருட்காட்சியில் விற்பார்கள். பாசி பிடித்த நிறத்தில் ஒரு திரை, அதில் சாம்பல் கட்டங்கள். பின்விளக்கெல்லாம் கிடையாது. வெளிச்சத்தைப் பார்க்கத் திருப்பிப் பிடித்தால்தான் தெரியும். அட்டையில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது செங்கல் விழுகிற ஒரே ஆட்டம். அதையே வேகத்தை மாற்றி மாற்றித் தலையில் கட்டியிருப்பான். மட்டமான சாமான். அதற்காக நான் ஏங்கவும் இல்லை. ஆனால் விற்றவன் கறுப்பைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் உத்தமன்.

இத்தனை ஏளனம் பேசுகிறேனே, அடுத்த நாள் காலையில் மச்சினன் பல் தேய்க்கப் போன சமயம் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தவன் யார்? நான்தான். மேலிருந்து பாறைகள் விழும், கீழே ஒரு பொடிக் கப்பல் அவற்றைச் சுடும். அவ்வளவுதான் ஆட்டம். அதற்குள் நான் விழுந்துவிட்டேன். கழிப்பறைக்குப் போகிற சாக்கில் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு போனேன். "மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்ல போலிருக்கு" என்று அத்தை ஓமத்தண்ணி காய்ச்சி வைத்தார். அதையும் முகத்தைச் சுளிக்காமல் குடித்தேன். அத்தை என்று நான் சொல்வது மாமியாரை. அறுபத்தெட்டு வயது. எதையும் சத்தம் போட்டுச் சொல்லமாட்டார். மருமகன்மேல் மரியாதை வைத்திருந்த கடைசி மாமியார்களில் ஒருவர்.

இனி என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணில் சதை வளர்ந்திருந்ததை அதற்குப் பத்து நாள் முன்பு எடுத்திருந்தார்கள். தண்ணீர் படக்கூடாது, வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டைக் கண்ணாடியை மச்சினன் பார்த்தான். பார்த்துவிட்டு, தன் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான்.

"போலரைஸ்டு அத்தான். தண்ணி மேல, ரோட்டு மேல பட்டு வாற கூச்சத்தை அப்படியே வெட்டிரும்."

வெட்டத்தான் செய்தது. முகம் பார்க்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கடத்தல்காரனுக்குக் கார் ஓட்டுகிறவன் மாதிரி இருந்தேன். பிடித்துப் போயிற்று.

சனிக்கிழமை காலையில் பேரருவிக்குப் போனோம். நல்ல தண்ணீர், அதைவிட நல்ல கூட்டம். மனைவி பெரிய நீலப்பையை என் தோளில் மாட்டினாள். உள்ளே மூன்று பேருக்கு மாற்றுத் துணி, மூன்று துண்டு, மூன்று செல்போன், விளையாட்டுப் பெட்டி. அத்தை தன் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, "பத்திரம் மாப்பிள்ளை" என்று கையில் கொடுத்தார். அதையும் பைக்குள் வைத்தேன்.

"தோள்ல இருந்து பை எறங்கக் கூடாது" என்றாள் மனைவி. "கொரங்கு வந்தாலும் சரி, ஒங்க சிநேகிதக்காரன் வந்தாலும் சரி."

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும் எனக்கு."

"போன வருசம் தெரியலியே."

பெண்கள் வரிசை பாம்பாக நீண்டிருந்தது. மூன்று பேரும் கூட்டத்தில் மறைந்ததும் நான் ஒரு டீக்கடையின் தார்ப்பாய்க்குக் கீழே போய் உட்கார்ந்தேன். நிழலாக இருந்ததால் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டேன். பெட்டியை எடுத்துச் சத்தத்தை முழுசாக அடைத்தேன். திருட்டுத்தனத்துக்கு முதல் பாடம் அதுதானே. பாறைகள் விழுந்தன, சுட்டேன். என் ஆயுளில் போகாத கட்டத்துக்கெல்லாம் கப்பல் போய்க்கொண்டிருந்தது.

அப்போது காற்று திரும்பியது. சாரல் தார்ப்பாய்க்குள் புகுந்து சடசடவென்று அடித்தது. திரை முழுக்க நீர்முத்து. ஒரு துளி இமையிலும் பட்டது. டாக்டர் ஞாபகம் வந்து கண்ணைத் துடைத்துக் கண்ணாடியை இறக்கி மாட்டினேன். பைக்குள் கையில் அகப்பட்ட ஒரு சேலைத் தலைப்பால் திரையை அழுத்தித் துடைத்தேன். துடைத்து முடித்துப் பார்த்தால் திரை கறுப்பு.

சாம்பல் இல்லை. கசிவு இல்லை. மச்சினன் சொன்ன அந்த உண்மையான கறுப்பு, எல்சிடிக்கு வரவே வராது என்று அவன் அடித்துச் சொன்ன கறுப்பு, என் கையில் வந்திருந்தது.

பொத்தான்களை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. அணைத்துப் போட்டேன். மேல்முனையில் இருந்த குட்டிப் பச்சை விளக்கு அணைந்து எரிந்தது. ஆக உயிர் இருக்கிறது, முகம் மட்டும் போய்விட்டது. இரண்டு மணி நேரப் பாடம் கேட்டவனில்லையா நான், அந்த இடத்திலேயே நோயைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் உள்ளே போய்ப் பின்விளக்கு செத்துவிட்டது. அல்லது கதவெல்லாம் மொத்தமாகச் சாத்திக்கொண்டுவிட்டது. அரைகுறைப் படிப்பு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது பாருங்கள். ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் மச்சினன் வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன்.

சந்தேகத்துக்கு என் செல்போனை எடுத்துப் பார்த்தேன். அது பளிச்சென்று தெரிந்தது. தீர்ந்தது கதை. கோளாறு பெட்டியில்தான்.

எனக்கு வியர்த்தது. குற்றாலத்தில், சாரலில், ஆனி மாதத்தில் வியர்த்த முதல் மனிதன் நான்தான். ஒரு கணக்குப் போட்டேன். பெண்கள் வரிசை நகர்ந்து, குளித்து, திரும்ப முக்கால் மணி நேரமாவது ஆகும். தென்காசி ஆறு கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சூடான காற்றை ஊதி உலர்த்திவிட்டால் யாருக்கும் தெரியாது. ஓடிப்போய் ஓர் ஆட்டோவில் ஏறினேன். தோளிலிருந்து பையை இறக்கவில்லை. அதில் நான் கில்லாடி.

"எங்க அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கா?" என்றார் டிரைவர், என் முகத்தைப் பார்த்து.

"ரிப்பேர் கடைக்கு. வேகமா விடுங்க. தண்ணி புகுந்துட்டு."

"ஒங்களுக்கா?"

பெட்டியைக் காட்டினேன். "அரிசிக்குள்ள போடுங்க அண்ணாச்சி" என்றார் உடனே. "என் போனு கெணத்துல விழுந்தப்ப அரிசிக்குள்ள போட்டுத்தான் வச்சேன்."

"சரியாயிட்டா?"

"இல்ல. ஆனா எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ."

மேலகரத்தில் ஒரு பலசரக்குக் கடையில் நிறுத்தச் சொன்னேன். ஒரு கிலோ அரிசி கேட்டேன். பொன்னியா, இட்லி அரிசியா என்று கடைக்காரர் கேட்டார். எது தண்ணியை நன்றாக இழுக்கும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சோறா ஆக்கப் போறிய?" என்றார். பச்சரிசி கொடுத்தார். பெட்டியை அதற்குள் புதைத்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி ஒரு கையால் அரிசிப் பையைத் தட்டிக்கொடுத்தேன் என்று பின்னால் டிரைவர் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

வழியில் என் செல்போன் இரண்டு தடவை அடித்தது. தெரியாத எண். ஏதோ விளம்பரக்காரன், ஆள் சாகக் கிடக்கிற நேரத்தில் உயிரை எடுக்கிறான் என்று இரண்டு தடவையும் வெட்டிவிட்டேன். மூன்றாம் தடவை அடித்தபோது போனையே அணைத்து வைத்துவிட்டேன்.

ரிப்பேர் கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி. அரிசிக்குள்ளிருந்து நான் பெட்டியைத் தோண்டி எடுத்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு களைப்பு வந்தது.

"ஒங்கள மாதிரி ஆளுவளாலதான் அண்ணாச்சி, நான் சார்ஜர் ஓட்டையில இருந்து அரிசி பொறுக்கியே கிழவனாயிருவேன்." ஒரு ஊசியால் இரண்டு மணி அரிசியை நோண்டி எடுத்தார். பொத்தானை அமுக்கினார். "என்ன கம்ப்ளெய்ண்டு?"

"படம் வரல."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வருதே."

"எங்க வருது?"

"இங்கனதான். கப்பலு நிக்கி, பாறை விழுது."

எட்டிப் பார்த்தேன். கறுப்பு. "விளையாடாதீங்க தம்பி. நானே நொந்து போயிருக்கேன்."

"நான் எதுக்கு வெளையாடணும்? இந்தா, சுடுதேன் பாருங்க. இடது பக்கம் ஒண்ணு வெடிச்சிட்டு."

ஒன்றும் வெடிக்கவில்லை. அவர் பொய் சொல்ல வேண்டிய காரணம் எதுவும் இல்லை. அப்படியென்றால் கோளாறு எங்கே? கண்ணில்! சாரல் துளி பட்டதே, டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டாரே! வெட்டிய கண்ணைக் கையால் மூடிக்கொண்டு நல்ல கண்ணால் பார்த்தேன். கறுப்பு. நல்ல கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய கண்ணால் பார்த்தேன். அதுவும் கறுப்பு. இரண்டும் போய்விட்டது. கடைக்காரர் தெரிகிறார், சுவரில் தொங்குகிற சார்ஜர் வயர் தெரிகிறது, எதிர்க்கடைப் பலகையை வாசிக்க முடிகிறது, இந்தத் திரை மட்டும் தெரியவில்லை. திரைக்குருடு என்று ஒரு நோய் இருக்கும் போலிருக்கிறது, அது எனக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் பென்ஷனைப் பற்றிக்கூட யோசித்தேன்.

"தம்பி, எனக்கு ரெண்டு கண்ணும் போச்சு" என்று அவர் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பதறவில்லை. பெட்டியைச் செங்குத்தாகத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினார். கப்பல் தெரிந்தது! பாறை தெரிந்தது! மறுபடி படுக்கவாக்கில் திருப்பினார். எல்லாம் அணைந்தது. நிமிர்த்தினார், வந்தது. சாய்த்தார், போனது. கடைசியில் கையை நீட்டி என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார்.

கப்பல் பளபளவென்று நின்றது. நான் பாராமல் விட்ட நேரத்தில் செத்து, புதிதாக ஆட்டம் தொடங்கக் காத்திருந்தது.

"போலரைஸ்டு கண்ணாடி" என்றார். "எல்சிடியில மேல ஒரு ஷீட்டு ஒட்டியிருப்பான் அண்ணாச்சி. வெளிச்சம் அதுக்குள்ள ஒரே வாக்காத்தான் வெளிய வரும். ஒங்க கண்ணாடியிலயும் அதே மாதிரி ஷீட்டுதான். ரெண்டும் ஒரே வாக்குல இருந்தா தெரியும். குறுக்க நின்னா அடைச்சுரும். ஜன்னல் கம்பிக்கு ஊடால சாப்பாட்டுத் தட்ட நிமித்தி நீட்டுனா போயிரும், படுக்க வச்சு நீட்டுனா போகுமா?"

"போகாது."

"அவ்வளவுதான். இந்த மிஷின்ல போன்ல உள்ள பேனல எடுத்துப் படுக்கப் போட்டிருப்பான். அதான் படுக்கையில பாத்தா ஒங்களுக்கு அடைக்கி. ஒங்க போன நிமித்திப் பிடிச்சுப் பாத்திருப்பிய, அது தெரிஞ்சிருக்கும். இதே ஓலெட்டா இருந்தா லேசா நெறம் மாறும், இப்படி ஒரேயடியா அணையாது."

இரண்டு மணி நேரம்! மச்சினன் இரண்டு மணி நேரம் திரையைப் பற்றிப் பேசினான். கறுப்பு, சாம்பல், கதவு, விளக்கு, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மங்காது. கண்ணாடியையும் அவனே கொடுத்தான். தேவையான அந்த ஒரு வரி மட்டும் அவன் படிப்பில் இல்லை. அதைச் சொல்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டிய ஆள் வர வேண்டியிருந்தது. ஆனால் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி மாட்டியவன் நான்தானே. எனக்குச் சொந்தமாகத் தோன்றியிருக்க வேண்டாமா? பிடறியில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றால் தோளில் பை கனத்தது.

பை. அப்போதுதான் பை ஞாபகம் வந்தது.

மூன்று பேரின் மாற்றுத் துணி என் தோளில். மூன்று துண்டும் என் தோளில். மூன்று செல்போனும் என் தோளில். அத்தையின் சங்கிலி என் தோளில். தோளில் இருந்து இறங்கக் கூடாது என்றாள், இறக்காமல் ஆறு கிலோமீட்டர் கொண்டுவந்துவிட்டேன். அந்தத் தெரியாத எண் யாருடையது என்பதும் அப்போதே விளங்கியது: ஆண்கள் பக்கம் வரிசை சின்னது, மச்சினன் எப்போதோ குளித்து வந்து யாரிடமோ போன் வாங்கி அடித்திருப்பான்.

அரிசியைக் கடையிலேயே விட்டுவிட்டு, வெளியே நின்ற அதே ஆட்டோவுக்கு ஓடினேன். "இனிமே அரிசிய சோறாக்கித் தின்னுங்க அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

குற்றாலத்தில் இறங்கும்போதே ஒலிபெருக்கி என்னை வரவேற்றது. வழக்கமாகக் குழந்தைகளுக்குச் செய்கிற அறிவிப்பு. "நாற்பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஆண், கறுப்புக் கண்ணாடி அணிந்தவர், தோளில் நீலப்பை, இவரைக் கண்டவர்கள் புறக்காவல் நிலையத்துக்கு அழைத்து வரவும். இவரது குடும்பத்தார் இங்கே காத்திருக்கிறார்கள்." வழிநெடுகத் தலைகள் என்னைப் பார்த்துத் திரும்பின. ஓர் அப்பளக்காரர் என் கையைப் பிடித்து, "வாங்க, பயப்படாதீய, அங்கனதான் இருக்காவ" என்று கூட்டிக்கொண்டே போய்விட்டார்.

புறக்காவல் நிலைய வாசலில் மனைவி ஈரச் சேலையோடு நின்றாள். மேலே யாரோ எண்ணெய் தேய்க்கிறவர் கொடுத்த பிசுக்குத் துண்டு. மச்சினன் வெறும் ஜட்டியோடு ஓர் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் கௌரவமாக ஒளிந்து நின்றான். அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். ஏட்டையாவின் மழைக்கோட்டைப் போர்த்தியிருந்தார்கள். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை கழுத்தில், சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில்.

"எங்க போனிய?" என்றாள் மனைவி. அழுது முடித்த குரல். "தண்ணிக்குள்ள விழுந்திட்டியளோன்னு, பையத் தட்டிப் பறிச்சிட்டு எவனும் அடிச்சுப் போட்டுட்டானோன்னு, அம்மைக்குக் கை காலெல்லாம் வெறைச்சுப் போச்சு. போன் போட்டா வெட்டுதிய!"

பொய் சொல்லியிருக்கலாம். மயக்கம் வந்தது, ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார் என்று ஒன்று தயாராகவே இருந்தது. ஆனால் ஏட்டையா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ் நோட்டில் பொய் எழுதவைக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. எல்லாவற்றையும் சொன்னேன். துண்டுக்குள் சுருட்டிக் கழிப்பறைக்குக் கொண்டு போனது உட்பட. அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மச்சினன் பலகைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, "கண்ணாடியத் தாங்க அத்தான்" என்றான். மாட்டிப் பார்த்தான். பெட்டியைப் படுக்கவைத்தான், நிமிர்த்தினான். "ஆமால்லா!" என்றான். அவ்வளவு பெரிய படிப்பாளி, வாயைப் பிளந்துகொண்டு நின்றான். ஏட்டையா வாங்கிப் பார்த்தார். "ஏ, அணையுதுவே!" என்று சிரித்து, வாசலில் நின்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பளக்காரர் வரிசையில் நின்று பார்த்தார். மனைவிகூட ஒரு தடவை மாட்டிப் பார்த்து, வந்த சிரிப்பை அடக்க முடியாமல் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சிரிக்கட்டும் என்று விட்டேன். சிரித்தால் பாதி மன்னித்தாயிற்று.

அத்தை சிரிக்கவில்லை. கண்ணாடியையும் வாங்கவில்லை. மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஈரக் கையை நீட்டி, "சங்கிலியத் தாங்க மாப்பிள்ளை" என்றார். கைக்குட்டை முடிச்சைத் தானே அவிழ்த்து, தானே போட்டுக்கொண்டார். கோபமாக ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஐந்தருவிக்குப் போனோம். ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் கடைசிக் குளி. அருவிச் சத்தம் கேட்கிற தூரம் வந்ததும் நான் பழக்கதோஷத்தில் பைக்குத் தோளைக் காட்டினேன். மனைவி பையை என் பக்கமாகக் கொண்டுவந்தாள். அத்தை நடுவில் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போயிக் குளிங்க. நான் இருக்கேன்."

"நீ குளிக்கலியாம்மா? வருசம் பூரா ஐந்தருவி ஐந்தருவின்னு கெடந்தியே."

"நேத்தே தடுமம் பிடிச்ச மாதிரி இருக்கு. நீங்க போங்க."

தடுமம் ஒன்றும் இல்லை. காலையில் அவர் தும்மக்கூட இல்லை. மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனைவி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தம்பியோடு போய்விட்டாள்.

நானும் அத்தையும் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவர் மடியில் பை, இரண்டு கையும் அதன்மேல். எனக்கு வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பத்து வருஷத்தில் முதல் தடவையாக அருவிக்கரையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை, நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒரு தடவ நனைஞ்சிட்டு வந்துருங்க" என்றேன்.

"வேண்டாம் மாப்பிள்ளை." எதைத் தேடி அவர் பெங்களூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்தாரோ அந்தத் தண்ணீர் ஐந்து பங்காக எதிரே விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் விரல்களை நெட்டி முறிப்பதைக் கண்டார். பையைத் திறந்து விளையாட்டுப் பெட்டியைத் தேடி எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"சும்மா எம்புட்டு நேரம் உக்காந்திருப்பிய. இத வச்சு வெளையாடிக்கிட்டு இருங்க. எங்கயும் எழுந்திரிச்சுப் போயிராதீய."

கூட்டத்தில் அழுகிற பிள்ளையை வாயடைக்கக் கிலுகிலுப்பையைக் கொடுப்பார்களே, அதே மாதிரி. மானமுள்ளவன் வேண்டாம் என்று சொல்லியிருப்பான். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வாங்கி, சத்தத்தையும் வைத்துக்கொண்டே விளையாடினேன். நன்றாகத்தான் விளையாடினேன்.